வண்டியில் ஒரு துளைகூடப் போட வேண்டாம்: குட்டி யானைக்குக் கழற்றி மாட்டும் கூண்டு

டாடா ஏஸ் வண்டி 2005-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதற்குக் ‘குட்டி யானை’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. பின்னர் 2011-இல் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. மஹிந்திராவின் பிக்கப் வண்டிகளும் ஊருக்கு ஊர் ஓடுகின்றன. ஆனாலும் சிறிய சரக்கு வண்டி எதுவாக இருந்தாலும் பல ஊர்களில் அது குட்டி யானைதான்.

விவசாயியிடம் இருக்கும் குட்டி யானைக்கு ஒரே வேலை என்று கிடையாது. தக்காளிப் பருவத்தில் விடிவதற்கு முன்பே சந்தை வாசலில் நிற்க வேண்டும். அடுத்த மாதம் தொழு உரம் அள்ள வேண்டும். கோடையில் தென்னங்கன்றுக்கும் கொய்யாக் கன்றுக்கும் தண்ணீர் கொண்டு போக வேண்டும். மருந்து அடிக்கும் நாளில் டிரம்மும் பவர் ஸ்பிரேயரும் ஏறும். கம்பெனி கொடுக்கும் பாடியோ எல்லாவற்றுக்கும் ஒன்றே: தட்டையான தரை, ஓர் அடி உயரத்துக்குப் பக்கக் கதவுகள், கேபினை ஒட்டி முன்னால் ஒரு கம்பித் தடுப்பு. இது போதாது என்பது வண்டி வாங்கிய முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். இரண்டாவது வாரம் வண்டி வெல்டிங் பட்டறையில் நிற்கும். தொல்லையும் அங்கேயே தொடங்கிவிடும்.

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் தக்காளியும் முருங்கையும் வைத்திருக்கும் ஒரு விவசாயி, பழைய ஏஸ் ஒன்றைக் கடன் வாங்கி எடுத்தார். முன்பு வைத்திருந்தவர் பாடியைச் சுற்றி நாலடி உயரத்துக்கு இரும்புக் கூண்டு வைத்து வெல்டு அடித்திருந்தார். கூண்டோடு கிடைத்தது லாபம் என்றுதான் இவர் நினைத்தார். எஃப்.சி.க்குப் போனபோது கூண்டை வெட்டி எடுத்துவிட்டு வரச் சொல்லிவிட்டார்கள். அப்போது தோட்டத்தில் தக்காளி மூன்றாவது பறிப்பில் இருந்தது. வெட்டி எடுத்த பிறகுதான் உள்ளே இருந்த கோளாறு தெரிந்தது. வெல்டு அடித்த இடமெல்லாம் பெயின்ட் கருகி, தரைத் தகடு துருப்பிடித்து, இரண்டு இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. தகடு மாற்றி, பெயின்ட் அடித்து, மறுபடியும் எஃப்.சி. காட்டும் வரை வாடகை வண்டியில்தான் பழம் சந்தைக்குப் போனது. அந்தப் பருவத்தின் லாபத்தில் பாதி வாடகையிலும் பட்டறைக் கூலியிலும் போய்விட்டது என்கிறார் அவர்.

இப்போது அதே வண்டியில் கூண்டு இருக்கிறது. ஆனால் வண்டியோடு ஒட்டவில்லை. இரண்டு பேர் சேர்ந்தால் கால் மணி நேரத்தில் மாட்டலாம், அதைவிடக் குறைந்த நேரத்தில் கழற்றலாம். வண்டியில் ஒரு துளைகூடப் புதிதாகப் போடவில்லை.

சட்டம் எதைத் தடுக்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்களும் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களும் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டியின் அடிப்படை அமைப்பு மாறும்படி கட்டமைப்பில் செய்யும் மாற்றத்தையே அந்தப் பிரிவு ‘மாற்றம்’ என்று சொல்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம் 182-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அனுமதியில்லாமல் மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது அது.

சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். ஆகவே ஒட்டி வைத்த கூண்டு என்றைக்காவது ஒருநாள் கண்ணில் படத்தான் செய்யும். அதற்கு முன்பே விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் முதலில் பார்ப்பதும் இந்த மாற்றங்களைத்தான்.

கயிற்றாலும் பெல்ட்டாலும் கட்டி வைத்து, வேலை முடிந்ததும் இறக்கிவிடும் சட்டம் வண்டியின் கட்டமைப்பை மாற்றுவதில்லை. சரக்கோடு ஏறி, சரக்கோடு இறங்கும் சாமான் அது. ஆனால் கழற்றி மாட்டுவது எல்லாமே செல்லும் என்று நினைத்துவிட வேண்டாம். வண்டியின் முன்னால் போல்ட் போட்டு மாட்டும் இரும்பு கார்டையும் கழற்ற முடியும்தான். இருந்தும் அதை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டது. அதேபோல, ஏற்றிய பொருள் பாடியின் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருந்தாலும், அனுமதித்த உயரத்தைத் தாண்டினாலும் 20,000 ரூபாய் அபராதம் உண்டு. கூண்டு முழுவதும் பாடிக்கு உள்ளேயே உட்கார வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

நம்பர் பிளேட், பின் விளக்கு, பாடியைச் சுற்றி ஒட்டியிருக்கும் ரிஃப்ளெக்டர் பட்டை ஆகிய மூன்றையும் கூண்டோ தார்ப்பாயோ மறைக்கக் கூடாது. சந்தைக்குப் போகும் வண்டி இருட்டில்தான் ஓடுகிறது. தார்ப்பாயின் ஓரம் தொங்கி விளக்கை மூடிய வண்டியின் பின்னால் வரும் லாரிக்கு, முன்னால் ஒரு வண்டி போவதே தெரியாது.

அளவு எடுப்பதில் இருக்கிறது லாபம்

கூண்டு எவ்வளவு உயரம் வேண்டும் என்று பட்டறைக்காரர் கேட்பார். “நாலடி போடுங்க” என்பதுதான் வழக்கமான பதில். உண்மையில் உயரத்தை முடிவு செய்ய வேண்டியது ஆர்.சி. புத்தகம். அதில் வண்டியின் வெற்று எடையும், சரக்கோடு சேர்ந்த மொத்த எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே வண்டி சுமக்கக்கூடிய அளவு. ஏஸ் வகையில் அது சுமார் 750 கிலோ. மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் அவரவர் ஆர்.சி.யைப் பார்த்தே கணக்குப் போட வேண்டும்.

750 கிலோவில் ஓட்டுநருக்கு 70 கிலோ போனால் மிச்சம் 680. கூண்டுக்கு 20 கிலோ போனால் 660. இனி பாடியின் அளவு. ஏஸ் பாடி உள்ளே சுமார் 220 செ.மீ. நீளம், 149 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். தக்காளிக்கு அதிகம் புழங்கும் பிளாஸ்டிக் பெட்டிகளில் ஒன்று 54 செ.மீ. நீளம், 36 செ.மீ. அகலம், 29 செ.மீ. உயரம் உள்ளது. நீளவாக்கில் நான்கு, அகலவாக்கில் நான்கு என்று வைத்தால் ஓர் அடுக்குக்கு 16 பெட்டி. இரண்டு அடுக்குக்கு 32. மேலே சொன்ன 660 கிலோவை 32 பெட்டிக்குப் பிரித்தால், பெட்டிக்கு 20 கிலோ சொச்சம். காலிப் பெட்டியே 2 கிலோ அளவு இருக்கும். ஆகப் பழம் 18 கிலோ. விளிம்புக்கு இரண்டு விரல் கீழே பழம் நிற்கும்படி நிரப்பினால், மேல் பெட்டி பழத்தின்மேல் உட்காராமல் விளிம்பின்மேல் உட்காரும். அடிப்பெட்டிப் பழம் நசுங்காமல் போய்ச் சேருவதே சந்தையில் பாதி விலை.

இதைப் போட்டுப் பார்த்த பிறகு கூண்டின் உயரம் தானாகத் தெரிந்துவிடுகிறது. மூன்றாவது அடுக்குக்கு வண்டியின் எடையளவு இடம் கொடுப்பதில்லை. இரண்டு அடுக்கின் உயரம் 58 செ.மீ. எனவே தக்காளிக்கு இரண்டடிக் கூண்டு போதும். நாலடிக் கூண்டு வைத்தால், இடம் இருக்கிறதே என்று மூன்றாவது அடுக்கும் ஏறிவிடும். மனித சுபாவம் அப்படி. எடை மீறினால் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மீறிய சரக்கை இறக்கிவைக்கும் செலவும் நம் தலையில்தான்.

அடுத்தது பைப்பின் கனம். ஒட்டன்சத்திரத்துக்காரர் மறுகூண்டு போடப் போனபோது பட்டறைத் தம்பி, “அண்ணே, ஒன்றரை இஞ்ச் பைப்பா போட்டுருவோம், நெசமான யானையே மிதிச்சாலும் நிக்கும்” என்றாராம். இவர் கையோடு நான்கு பெட்டிகளைக் கொண்டுபோயிருந்தார். “யானை மிதிக்கிறது இருக்கட்டும் தம்பி. நாலாவது பெட்டி உள்ள போகுதா, அதப் பாரு.”

போகவில்லை. கணக்கு எளிது. ஒன்றரை அங்குல பைப் இரண்டு பக்கமும் சேர்ந்து ஏழரை செ.மீ.க்கு மேல் விழுங்குகிறது. 149-இல் மிச்சம் 141. நான்கு பெட்டிக்கு 144 வேண்டும். நாலாவது பெட்டி போகாவிட்டால் ஓர் அடுக்குக்கு நான்கு, இரண்டு அடுக்குக்கு எட்டுப் பெட்டி குறையும். பெட்டிக்கு 18 கிலோ என்றால் நடைக்கு 144 கிலோ பழம் வீட்டிலேயே நின்றுவிடும். ஓர் அங்குல பைப்பிலும் மயிரிழையில் இடிக்கிறது. முக்கால் அங்குலச் சதுர பைப் போட்டால் ஒரு செ.மீ. மிச்சம் கிடைக்கிறது. நீளத்திலும் இதே நெருக்கடிதான். முன்பக்கச் சட்டத்தை விட்டுவிட்டு, கேபினை ஒட்டிய கம்பித் தடுப்பையே முன்சுவராக வைத்துக்கொண்டால் 216 செ.மீ. தாராளமாக உட்காரும்.

முக்கால் அங்குல பைப் தாங்குமா என்ற கேள்வி வரும். இந்தக் கூண்டு பாரத்தைச் சுமப்பதில்லை. பாரம் தரையில் இருக்கிறது. பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று கவ்வி நிற்கின்றன. மேல் அடுக்கு பக்கவாட்டில் சரியாமல் அணைத்துப் பிடிப்பது மட்டுமே கூண்டின் வேலை. 1.6 மி.மீ. கனமுள்ள முக்கால் அங்குல பைப் மீட்டருக்கு 900 கிராமுக்குள் வரும். இரண்டு பக்கமும் பின்பக்கமும் சேர்த்து 23, 24 மீட்டர் ஆகும். மொத்தம் 20 கிலோ. அதே கூண்டை 2 மி.மீ. கனமுள்ள ஒன்றரை அங்குலத்தில் செய்தால் 50 கிலோவைத் தாண்டும். இரும்பை எடை போட்டுத்தான் காசு வாங்குகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

எதில் கட்டுவது?

கூண்டை மூன்று துண்டாகச் செய்வது நல்லது: இரண்டு பக்கம், ஒரு பின்பக்கம். வெல்டிங் எல்லாம் பட்டறைத் தரையிலேயே முடிந்துவிட வேண்டும். வண்டியின்மேல் வைத்து வெல்டு அடிக்கவே கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டி இருக்கிறது. பேட்டரியைக் கழற்றாமல் வெல்டு அடித்தால் அது கெட வாய்ப்பு உண்டு. சி.என்.ஜி. வண்டியாக இருந்தால் சொல்லவே வேண்டாம். சிலிண்டர் இருக்கும் வண்டியின் பக்கத்தில் நெருப்புப் பொறிக்கே இடமில்லை.

பக்கச் சட்டங்களின் கால்கள் தரையில் நிற்க வேண்டும். பக்கக் கதவின்மேல் தொங்கவிட்டால் கதவின் கீலும் கொக்கியும் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஒவ்வொரு காலின் அடியிலும் உள்ளங்கை அளவு தகடு, அதன் அடியில் பழைய டயர் டியூபை வெட்டி வைத்த ரப்பர். இரும்பு நேராக இரும்பில் உரசினால் பெயின்ட் போகும், பெயின்ட் போன இடத்தில் துரு வரும். மூன்று துண்டுகளையும் மூலைகளில் போல்ட் போட்டு இணைக்கலாம். எல்லா போல்ட்டும் ஒரே அளவாக இருந்தால், 17-ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்றை சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டால் போதும். கையால் திருகும் நட்டு வேண்டாம். நம் ஊர் மண்சாலை அதிர்வில் ஒரு நடைக்குக்கூட அது தாங்காது. உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு கேட்டு வாங்க வேண்டும்.

பின்பக்கத் துண்டை மட்டும் இரண்டு கொண்டி ஊசி போட்டு, தூக்கினால் வந்துவிடுகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். கூண்டு மாட்டியிருக்கும்போது சரக்கு ஏற்றுவதும் இறக்குவதும் பின்வழிதான்.

இனி, கூண்டை வண்டியோடு பிடித்து நிறுத்துவது. முன்னால் கம்பித் தடுப்போடு இரண்டு யூ-கிளாம்ப், நடுவில் ரப்பர் வைத்து. மற்ற இடங்களில் பாடியின் அடியோரத்தில் கம்பெனியே கொடுத்திருக்கும் கயிறு கட்டும் கொக்கிகள். பலர் இந்தக் கொக்கிகளை மறந்துவிட்டு, கண்ணில் பட்ட இடத்தில் துளை போடுகிறார்கள். தரையில் போடும் ஒவ்வொரு துளையும் சேசிஸுக்குத் தண்ணீர் இறங்கும் வழி. அதிலும் உரம் ஏற்றும் வண்டியில் இறங்குவது வெறும் தண்ணீர் இல்லை, உப்புத் தண்ணீர். பொட்டாஷ் உரம் இரும்பை எப்படித் தின்னும் என்பதை உரக்கடைத் தராசைப் பார்த்தாலே தெரியும்.

கட்டுவதற்கு நைலான் கயிறு வழக்கம். நனைந்தால் நீளும், காய்ந்தால் முடிச்சு இளகும். கைப்பிடி வைத்து இறுக்கும் ராட்செட் பெல்ட் நான்கு வாங்கினால் பல வேலைக்கு ஆகும். பெல்ட்டில் தைத்திருக்கும் சீட்டில் அது தாங்கும் எடை போட்டிருக்கும். சீட்டு இல்லாத பெல்ட்டை வாங்க வேண்டாம். கூரான விளிம்பின்மேல் பெல்ட் போகும் இடத்தில் பழைய ஹோஸ் துண்டு ஒன்றைக் கீறி மாட்டினால் அறுபடாது. கிளம்பி ஐந்தாறு கிலோமீட்டர் போனதும் ஒருமுறை நிறுத்தி இறுக்க வேண்டும். சரக்கு அதிர்ந்து அமர்ந்த பிறகுதான் உண்மையான இறுக்கம் தெரியும்.

தரைக்கு ஒரு ரப்பர் பாய் நல்லது. மாட்டுத் தொழுவத்துக்கு விற்கும் பாயே போதும். பெயின்ட் அடித்த தகட்டின்மேல் பெட்டி வழுக்கும், ரப்பரின்மேல் அவ்வளவு வழுக்காது. பாயை ஒட்டக் கூடாது. வாரம் ஒருமுறை தூக்கி, அடியில் கழுவிக் காயவைக்காவிட்டால் பாயே துருவுக்குக் காரணமாகிவிடும்.

தண்ணீர்த் தொட்டி

இந்த மாதிரி ஏற்பாடுகளில் அதிகம் கவனம் வேண்டியது தொட்டிதான். தக்காளிப் பெட்டி சரிந்தால் பழம் போகும். தொட்டி சரிந்தால் வண்டி கவிழும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 1,000 லிட்டர் தொட்டி ஏஸ் பாடியில் அழகாக உட்காரும். ஆனால் வண்டியின் சுமையளவு 750 கிலோதான். 500 லிட்டரே இந்த வண்டிக்கு எல்லை. அதன்மேல் பம்ப், ஹோஸ், மருந்து, ஆள் எடை எல்லாம் இருக்கிறது.

முழுத் தொட்டியைவிடப் பாதித் தொட்டி மோசம் என்றால் பலர் நம்புவதில்லை. நிறைந்த தொட்டியில் தண்ணீர் அசைய இடமில்லை. பாதித் தொட்டியில், வண்டி வலப்பக்கம் திரும்பும்போது தண்ணீர் முழுவதும் இடப்பக்கம் ஓடும். வாய்க்கால் கரையில், ஒரு சக்கரம் தாழ்ந்து நிற்கும் இடத்தில் இது நடந்தால் ஓட்டுநர் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. இதற்கு எளிய வழி, ஒரே தொட்டிக்குப் பதிலாக மூடி போட்ட 200 லிட்டர் டிரம் இரண்டு வைப்பது. ஒன்றை முழுதாகக் காலி செய்துவிட்டு அடுத்ததைத் திறந்தால், எந்த நேரத்திலும் ஒரு டிரம்தான் ஆடும். ஓட்டிக்கொண்டே தெளிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும். காலியான டிரம்மையும் கட்டியே வைக்க வேண்டும். இல்லையென்றால் அது உருளும்.

திடீர் பிரேக்கில், ஏற்றிய சரக்கு தன் எடையில் ஐந்தில் நான்கு பங்கு விசையோடு முன்னால் தள்ளும் என்று கணக்கு வைத்துத்தான் உலகெங்கும் சரக்குக் கட்டுவதற்கு விதி வகுக்கிறார்கள். 500 கிலோ தொட்டி என்றால் 400 கிலோ. அதைத் தடுக்க வேண்டியது கேபினை ஒட்டிய கம்பித் தடுப்பு. எனவே தொட்டிக்கும் தடுப்புக்கும் நடுவே இடைவெளி விடக் கூடாது. தொட்டியின் எடை பின்சக்கர அச்சுக்கு முன்னால் விழுவது நல்லது. பின்கோடியில் வைத்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடிமானம் குறையும்.

வட்டத் தொட்டியை வெறும் பெல்ட் பிடிக்காது. தரையில் படுக்கவைக்கும் மரச்சட்டம் ஒன்று செய்து, அதன் நடுவில் தொட்டி இறங்கி உட்கார வேண்டும். சட்டம் பாடியின் நான்கு சுவரையும் முட்டி நின்றால் நகராது. அதன் பிறகு தொட்டியின் தலைமேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பெல்ட். சவுக்குக் கட்டையில் உள்ளூர் ஆசாரியே அரை நாளில் செய்து கொடுத்துவிடுவார்.

இன்னொன்று. மருந்து அடித்த டிரம் ஏறிய பாடியில் அப்படியே காய்கறி ஏற்றக் கூடாது. பூச்சிமருந்து உணவுப் பொருளோடும் தீவனத்தோடும் படும்படி எடுத்துச் செல்லவோ வைக்கவோ கூடாது என்று 1971-ஆம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகளே சொல்கின்றன. மருந்து நாளுக்கென்று தனி ரப்பர் பாய் அல்லது தடித்த தார்ப்பாய் வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் அதோடு எடுத்துவிடுவது நல்ல பழக்கம்.

முருங்கை, கீரை, பூ

இவை எடை குறைந்த, இடம் அடைக்கும் சரக்கு. இங்கேதான் நாலடி உயரம் பயன்படும். இரண்டடிக் கூண்டின் கால்களுக்குள் செருகும்படி ஒரு மேல் சட்டம் செய்து வைத்துக்கொண்டால், முருங்கைப் பருவத்தில் மட்டும் மாட்டலாம். ஒவ்வொரு செருகலிலும் குறுக்கே ஒரு போல்ட் அவசியம். வெறும் செருகல், பள்ளத்தில் துள்ளி எழுந்துவிடும்.

அதன்மேல் வளைத்துப் போட அரை அங்குல பி.வி.சி. பைப் நான்கு. தார்ப்பாயைச் சரக்கின்மேல் படும்படி போர்த்தினால் உள்ளே வெந்துவிடும். வளைவின்மேல் போட்டு, சரக்குக்கும் தார்ப்பாய்க்கும் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். மழை இல்லாத நாளில் தார்ப்பாய்க்குப் பதிலாக நிழல்வலை போட்டால் வெயிலும் தணியும், காற்றும் போகும். முழுதும் திறந்து ஓட்டினால் கீரையும் பூவும் காற்றில் வாடிவிடும். நனைத்த சாக்கு மேலே ஒன்று போதும். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டக் கூடாது.

ஆடு, மாடு, ஆட்கள்

கழற்றி மாட்டும் கூண்டில் ஆடு ஏற்றலாமா என்று கேட்கிறவர்கள் நிறைய. கால்நடை ஏற்றும் வண்டிக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125-இ என்று தனி விதி இருக்கிறது. 2016 முதல் நடப்பில் உள்ளது. தடுப்புகள் பாடியிலேயே நிரந்தரமாக இருக்க வேண்டும், பசு அல்லது எருமை ஒன்றுக்கு 2 சதுர மீட்டர், ஆடு ஒன்றுக்கு 0.3 சதுர மீட்டர் இடம் வேண்டும், கால்நடை ஏற்றும் வண்டியில் வேறு சரக்கு ஏற்றக் கூடாது என்கிறது அது. ஏஸ் பாடியின் பரப்பு மூன்றேகால் சதுர மீட்டர். அந்தக் கணக்கில் ஒரு மாடு, அல்லது பத்து ஆடு. காய்கறிக் கூண்டு இதற்குப் பொருந்தாது. ஆட்டு வியாபாரம் செய்கிறவர்கள் அதற்கென்று அமைத்துப் பதிவு செய்த வண்டியை வாடகைக்குப் பிடிப்பதே வழி.

களையெடுக்கும் ஆட்களை ஏற்றப் பாடியில் பெஞ்சு போடுவதும் பல ஊரில் நடக்கிறது. பெஞ்சும் கழற்றி மாட்டக் கூடியதுதான். போல்ட் கூட வேண்டாம், தூக்கிப் போட்டால் போதும். ஆனால் சரக்கு வண்டியின் பின்பகுதியில் ஆள் ஏற்றச் சட்டத்தில் இடமில்லை. விபத்து என்று வந்துவிட்டால், பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்க மறுக்க முடியும். அந்தத் தொகை வண்டிக்காரர் தலையில், அதாவது அவருடைய நிலத்தின்மேல் வந்து விழும். ஒரே ஊர்க்காரர்கள், அக்கா தங்கை முறையில் பழகுகிறவர்கள்தான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பெஞ்சு கேட்டு வருகிறவர்களிடம் பட்டறைக்காரர்கள் முடியாது என்று சொல்லிவிடலாம். கூலியாட்களுக்கு ஒரு ஷேர் ஆட்டோ வாடகை அதிகமில்லை.

விளக்கும் ஸ்பிரிங்கும்

இரவில் பறித்து ஏற்றுகிறவர்கள் பாடிக்கு மேல் விளக்கு மாட்ட வண்டியின் ஒயரை வெட்டி இணைப்பார்கள். சில வண்டி தீப்பிடித்ததற்கு இந்த மாதிரி ஒட்டுதான் காரணம். சார்ஜ் செய்யும் எல்.இ.டி. விளக்கில் காந்த அடி வைத்தது கிடைக்கிறது. கூண்டில் ஒட்டிக்கொண்டு, வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம்.

பின்னால் ஸ்பிரிங் பிளேட் கூட்டினால் அதிக எடை ஏற்றலாம் என்பது பரவலான எண்ணம். பிளேட் கூட்டினால் வண்டி தாழாது, அவ்வளவுதான். பிரேக்கும் அச்சும் டயரும் பழைய அளவிலேயே இருக்கின்றன. வண்டி தாழ்ந்தால் எடை அதிகம் என்று கண்ணுக்காவது தெரியும். பிளேட் கூட்டினால் அந்த எச்சரிக்கையும் போய்விடும்.

எஃப்.சி.க்கு ஒரு வாரம் முன்பே கூண்டு, பாய், கிளாம்ப் எல்லாவற்றையும் இறக்கி, வண்டியைக் கழுவி, தரையிலும் கொக்கிகளிலும் துரு தெரிகிறதா என்று பார்த்துத் தொட்டுப் பூச வேண்டும். விற்கும் காலம் வந்தாலும் வண்டி கம்பெனிப் பாடியோடு நிற்கும். கூண்டு அடுத்த வண்டிக்குப் போகும், பாடி அளவு ஒத்துவந்தால்.

கூண்டுத் துண்டுகளை மாட்டுக் கொட்டகைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடலாம். மாட்டு மூத்திரம் படும் தரையில் சாய்த்து வைத்தால் ஒரு மழைக்காலத்தில் கால் தகடுகள் போய்விடும். போல்ட்டுகளுக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவி ஒரு டப்பாவில். ராட்செட் பெல்ட்டுகளைச் சுருட்டித் தகர டின்னுக்குள் வைத்து மூட வேண்டும். தீவன வாசனை ஏறிய பெல்ட்டை எலி விடாது. எலி கடித்த பெல்ட்டை முடிச்சுப் போட்டுத் தொட்டி கட்டக் கூடாது. அதைக் கீரைக் கட்டுக்குத் தள்ளிவிட்டு, தொட்டிக்குப் புதிதாக ஒன்று வாங்க வேண்டும்.